உம்மாவின் கண்ணும் மஞ்சள் வயரும்

எங்கள் உம்மாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். எழுபத்து நான்கு வயதில் இது என்ன விருப்பம் என்று சிரித்துவிடாதீர்கள். அது வாப்பா பழக்கிவிட்ட பழக்கம். 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி லாஹூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்த அன்று, வாப்பா தன் பழைய டெக்கில் புதிய கெசட்டைப் போட்டுப் பதிவு செய்துகொண்டே ஆட்டத்தைப் பார்த்தார். உம்மா குசினிக்கும் சாலைக்கும் நடந்து நடந்தே அரவிந்த டி சில்வாவின் 107 ஓட்டங்களையும் பார்த்து முடித்தார். வாப்பா மௌத்தான பிறகும் உம்மா அந்த விருப்பத்தை விடவில்லை. ஆட்டம் இருக்கும் நாளில் அஸர் தொழுதுவிட்டு, வாப்பாவின் பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

2021இல் தம்பி கட்டாரிலிருந்து பணம் அனுப்பி, நாற்பத்து மூன்று அங்குல டீ.வி. ஒன்றை வாங்கச் சொன்னான். “உம்மா பெரிசாப் பாக்கட்டும்” என்றான். அதோடு எச்.டி. பெட்டியும் எடுத்தோம். இணைப்புக் கொடுக்க வந்த பையன் கூரையில் தட்டைப் பொருத்தி, பெட்டியை டீ.வி.யோடு மாட்டி, அரை மணித்தியாலத்தில் படத்தை வரவழைத்துவிட்டுப் போய்விட்டான். படம் வந்துவிட்டது, சத்தமும் வந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க நாங்கள் யார்?

அந்த நாட்களில் உம்மாவின் இரண்டு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. ஆகவே “படம் மங்கலா ஈக்கி மகள்” என்று உம்மா சொன்னபோது, கண்ணால்தான் அப்படித் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டோம். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து வில்லை வைத்தார்கள். கட்டு அவிழ்த்து ஒரு மாதத்தில் உம்மா வாசற்படியில் நின்றபடியே, பிரதான வீதியில் வரும் மாத்தளை பஸ்ஸின் பலகையை வாசித்தார். எதிர்வீட்டுக் கூரையில் எத்தனை காகம் என்று எண்ணிச் சொன்னார். எங்கள் வீட்டில் அன்று பெருநாள் மாதிரி இருந்தது.

ஆனால் டீ.வி. மட்டும் மங்கல்தான்.

“பந்து தெரியல்ல மகள். ஓடுறது தெரியுது, அடிக்கிறது தெரியுது, பந்தத்தான் காணல்ல. கீழ எழுதிப் போடுறதும் வாசிக்க ஏலாது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உம்மா, ஒரு கண்தானே செஞ்சீக்கி. மத்தக் கண்ணும் செஞ்சாத்தான் சரியா வரும்” என்றேன். டொக்டர் அப்படிச் சொன்னாரா? இல்லை. நானே சொன்ன மருத்துவம் அது. இவரும் ஆமென்று தலையாட்டினார். ராத்தா ஒருபடி மேலே போய், “சத்திரசிகிச்சை சரியாப் பிடிக்கல்ல போல” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். உம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

பஸ் பலகையை வாசிக்கிற கண்ணுக்கு எட்டடி தூரத்தில் இருக்கிற டீ.வி. ஏன் மங்கலாகத் தெரிகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வயதானவர்கள் குறை சொன்னால் அவர்கள் உடம்பில்தான் குறை என்று முடிவு செய்துவிடுகிறோம். உம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்தார். அதற்கும் பிறகு, ஆட்டம் நடக்கும்போது சின்ன ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, டீ.வி.யைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். முறைப்படுவதை நிறுத்திவிட்டார். நாங்களோ அவர் பழகிக்கொண்டார் என்று நினைத்தோம்.

2023 செப்டெம்பர் 14ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் இலங்கையும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டம் பலருக்கும் நினைவிருக்கும். மழையால் தாமதித்து, நள்ளிரவு தாண்டி, கடைசிப் பந்து வரை போனது. கடைசி இரண்டு பந்தில் ஆறு ஓட்டங்கள் வேண்டும். அசலங்க ஒரு நான்கும், அதன்பின் கடைசிப் பந்தில் இரண்டும் எடுத்து வென்று கொடுத்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் சத்தம். உம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்து, “எங்க போச்சி? பந்து எங்க போச்சி?” என்று கேட்டார்.

மறுநாள் லுஹருக்குப் பிறகு உம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு, தன் கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி என் கையில் வைத்தார். வாப்பா வாங்கிக் கொடுத்தது. “இத வித்துப்போட்டு மத்தக் கண்ணையும் கெதியாச் செஞ்சிருவோம். தம்பிக்கிட்டக் கேக்காத, அவனுக்கு அங்க ஆயிரம் செலவு” என்றார். ஆஸ்பத்திரி வரிசையில் எங்கள் முறை வர மாதங்கள் ஆகும் என்பதால் பணம் கட்டிச் செய்துகொள்ள நினைத்தார். நான் வளையலை வாங்கி அலுமாரியில் வைத்தேன். கண்டியில் டொக்டரைப் பார்க்க நாளும் எடுத்தேன்.

சனிக்கிழமை ராத்தாவின் மகன் வந்தான். பதினேழு வயது. எந்தச் சாமானைக் கண்டாலும் அதன் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கிற பிள்ளை அது. டீ.வி.யைப் போட்டவன் ஒரு நிமிடம் நின்றான்.

“சாச்சி, இதில எல்லாரும் ஏன் இப்படிக் கொழுத்துப்போயீக்காங்க?”

நன்றாகப் பார்த்தால், உண்மைதான். செய்தி வாசிக்கிறவரின் முகம் தட்டையாக, இரு பக்கமும் இழுத்துவிட்ட ரொட்டி மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக அதைத்தான் பார்த்திருக்கிறோம். அவன் டீ.வி.க்குப் பின்னால் கையை விட்டு மூன்று தலை உள்ள ஒரு வயரை வெளியே இழுத்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு.

“உம்மும்மாட கண்ணில ஒரு குறையும் இல்ல சாச்சி. இந்த வயர்தான்.”

சகோதரிகளே, அவன் எனக்கு விளக்கியதை எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். அந்த மூன்றில் வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படம் முழுவதும் வருவது மஞ்சள் ஒன்றில் மட்டும். வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அந்த ஒரே வயரில் அனுப்புகிறார்கள். பாலையும் தேயிலைச் சாயத்தையும் கலந்து அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் போனதும் பிரித்தெடு என்று சொல்வது மாதிரி. பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் இதிலும் கொஞ்சம் அதிலுமாய்ச் சிந்திவிடும். எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிவது அதனால்தான். அதுமட்டுமல்ல, அந்த வயர் பழைய காலத்துப் பெட்டி டீ.வி.க்கு என்று அமைந்தது. நம் நாட்டு முறையில் அதில் வருவது 576 வரிகள். எங்கள் டீ.வி.யிலோ 1080 வரிகள், ஒவ்வொரு வரியிலும் 1920 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் இருபது இலட்சத்துக்கும் மேல். மஞ்சள் வயரால் கொண்டுவர முடிவது சுமார் நான்கு இலட்சத்துக்கான படம். மீதியை டீ.வி. ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஒரு கிரிக்கெட் பந்து அந்தப் படத்தில் எத்தனை புள்ளி? ஊகத்தில் அது கரைந்துபோய்விடுகிறது. உம்மா சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. ஓடுவது தெரியும், அடிப்பது தெரியும், பந்து தெரியாது.

வேண்டியது எச்.டி.எம்.ஐ. வயர். 2002ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய மின்சாதனக் கம்பனிகள் சில சேர்ந்து வகுத்த முறை அது. படமும் சத்தமும் ஒரே தலையில், கலக்காமல், எண்களாகவே போய்ச் சேரும்.

இவர் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போய் ஒரு கடையிலிருந்து கோல் எடுத்தார். தலையில் தங்கம் பூசி, கயிறு மாதிரிப் பின்னிய வயர் ஒன்று ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாவாம். சாதாரணமானது ஆயிரத்து அறுநூறு. “தங்கம் பூசினதில் படம் கூடப் பளிச்சென்று இருக்குமாம், எடுக்கவா?” என்று கேட்டார். குற்ற உணர்ச்சி இருக்கும்போது விலை கூடியதுதான் நல்லது என்று தோன்றும். “எடுங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளை தொலைபேசியை வாங்கிவிட்டான்.

“வேணாம் சாச்சா. பெட்டியோட ஒண்டு வந்தீக்கணும். தேடிப் பாக்கம்.”

எச்.டி. பெட்டி வந்த அட்டைப்பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது. நல்ல அட்டைப்பெட்டியை எறிய மனம் வருமா? உள்ளே, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், கறுப்பு எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று சுருட்டிக் கிடந்தது. இரண்டு வருடமாக, உம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தங்க விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய மஞ்சள் வயரில் வயரின் தரம் கூடக்குறையப் படமும் கூடக்குறையும். எச்.டி.எம்.ஐ.யில் போவது எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும், ஆயிரத்து அறுநூறு ரூபா வயரிலும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா வயரிலும் ஒரே படம்தான். போய்ச் சேராவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது முழுக்கக் கறுத்துவிடும். நடுவில் “கொஞ்சம் கூடப் பளிச்” என்று ஒரு நிலை கிடையாது. தங்கம் பூசுவது துரு, பாசி பிடிக்காமலிருக்கத்தான். கடலோரத்து வீடுகளில் அதற்கு ஒரு பயன் உண்டு. மலிவு வயர்களிலும் மெல்லிய பூச்சு ஒன்று பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. தங்கத்தைக் கையில் போட்டால் அழகு, டீ.வி.க்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டையும் அணைத்துவிட்டு வயரை மாட்டினோம். அதன் தலை ஒரு பக்கம்தான் நுழையும். பிள்ளைகள் பலவந்தமாக அழுத்தி டீ.வி.யின் துளையை உடைத்துவிடுவதுண்டு, கவனம். மாட்டிவிட்டுப் போட்டால், திரை கறுப்பு! எனக்குத் திக்கென்றது. டீ.வி.யின் ரிமோட்டில் ‘ஸோர்ஸ்’ பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் மாட்டினோமோ அந்த எண்ணைத் தெரிவு செய்ய வேண்டும் என்று பிள்ளை காட்டினான். படம் வந்தது. முன்னைவிடச் சுத்தமாக இருந்தது, ஆனால் அவன் சொன்ன அளவுக்கு இல்லை. முகங்களும் இன்னும் ரொட்டிதான்.

இந்த இடத்தில் பலர் “இவ்வளவுதான் போல” என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டிருப்பேன். அவன் விடவில்லை. பெட்டியின் ரிமோட்டை எடுத்து, செட்டிங்ஸுக்குள் போய், படத்தின் அளவு என்ற இடத்தைத் திறந்தான். அங்கே 576 என்று இருந்தது. பழைய வயருக்காக அன்றைக்கு வைத்தபடியே இருந்திருக்கிறது. அதை 1080 ஆக மாற்றினான். படத்தின் வடிவம் 4:3 என்றிருந்ததை 16:9 ஆக்கினான். பிறகு எச்.டி. என்று போட்டிருக்கும் அலைவரிசையைத் தேடி வைத்தான். அலைவரிசையே பழைய தரத்தில் வந்தால் எந்த வயராலும் அதை எச்.டி. ஆக்க ஏலாது.

யாரோ சன்னலைத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

உம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பழைய ஆட்டமொன்றை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். உம்மா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார். கீழே ஓடிய எழுத்துகளைச் சத்தமாக, எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு திரும்பி, “இப்ப என்னத்தச் செஞ்ச மகன்?” என்றார்.

“வயர மாத்தினேன் உம்மும்மா.”

“அப்ப எண்ட கண்ணு?”

அவன் என்னைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். “கண்ணு நல்லா ஈக்கி உம்மா. நாங்கதான் பாக்கல்ல” என்றேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைப் பழைய இடத்துக்கு, சுவரோரமாய்ப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆசியக் கிண்ண இறுதியாட்டம். செப்டெம்பர் 17, கொழும்பு பிரேமதாச அரங்கு. உம்மா காலையிலிருந்தே தயார். இரண்டு வருடங்களுக்குப் பிறகு பந்தைக் கண்ணால் பார்க்கப் போகிறார். பார்த்தார். சிராஜ் வீசிய ஒவ்வொரு பந்தையும், அது எங்கே விழுந்து எந்தப் பக்கம் திரும்பியது என்பது வரை பார்த்தார். இலங்கை 50 ஓட்டங்களுக்குள் சுருண்டது. சிராஜுக்கு ஆறு விக்கட்டுகள். பதினாறாவது ஓவர் முடியவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது.

“இதப் பாக்கவாடா மகன் வயர மாத்தின?” என்று உம்மா கேட்க, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இதைப் படித்துவிட்டு வயர் வாங்கப் புறப்படும் சகோதரிகள், முதலில் என்னைப் போல் கட்டிலுக்குக் கீழே பாருங்கள். இல்லையென்றால் மட்டும் கடை. பெட்டிக்கும் டீ.வி.க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நாடாவால் அளந்துகொண்டு போங்கள். ஒன்றரை, இரண்டு மீற்றர் பெரும்பாலும் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து மீற்றர் எடுத்தால், சாதாரண வயரில் எண்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். உறையில் ‘ஹை ஸ்பீட்’ என்றிருந்தால் எங்களுடையதைப் போன்ற 1080 டீ.வி.க்கு அது தாராளம். 4கே டீ.வி. உள்ளவர்கள் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ கேளுங்கள். ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்பது 8கே திரைக்கும் புதிய விளையாட்டுப் பெட்டிகளுக்கும். மகன் விளையாட்டுப் பெட்டி கேட்டு அழும் வீடுகள் தவிர மற்றவர்களுக்கு அவசியமில்லை. கடைக்காரர் 2.0, 2.1 என்று எண் சொல்லுவார். அவை மின்சாதனத்துக்குரிய எண்கள். வயரில் பார்க்க வேண்டியது மேலே சொன்ன பெயரைத்தான்.

டீ.வி.யின் ஒரு துளைக்கு மேல் மட்டும் ‘ஏ.ஆர்.சி.’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். அது ஒலிபெருக்கி மாட்ட விரும்புகிறவர்களுக்கு. பெட்டியை மற்றத் துளையில் மாட்டி அதை வெறுமையாக விட்டுவைத்தால் பிறகு உதவும். டீ.வி.யைச் சுவரோடு ஒட்டி வைத்து வயரின் கழுத்தை மடக்காதீர்கள். கூரை அன்டனாவிலிருந்து நேரே டீ.வி.க்கு வயர் வருகிற வீடுகளில் எச்.டி.எம்.ஐ.க்கு வேலையே இல்லை. அங்கே மங்கல் என்றால் அன்டனாவையும், வெயிலில் வெடித்துப்போன அதன் வயரையும் பாருங்கள்.

இடி மின்னலையும் மறக்க வேண்டாம். நம் பக்கத்தில் சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரமானால் இடிக்கும். சுவர் ப்ளக்கை மட்டும் கழற்றினால் போதாது. கூரையிலிருந்து வரும் வயரையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகப் பெட்டிக்கு வந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக டீ.வி.க்கும் போகும். இடிக்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போகாதீர்கள், மப்புப் போடும்போதே கழற்றிவிடுங்கள்.

குறித்த நாளில் உம்மாவைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலது கண் மிக நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர். இடது கண்ணுக்கு அவசரமில்லை, ஆஸ்பத்திரி முறை வரும்போது செய்யலாம் என்றார். வீட்டுக்கு வந்து வளையலை எடுத்து உம்மாவின் கையில் போடப் போனேன். கை கொஞ்சம் வீங்கியிருந்தது. சவர்க்காரம் பூசித்தான் ஏறியது.

மஞ்சள் வயரை எறியப் போன என்னைத் தடுத்ததும் அந்தப் பிள்ளைதான். வாப்பாவின் டெக்குக்கு அது ஒன்றுதான் வழியாம். சென்ற வருடம் டெக்கைத் துடைத்து, எங்கள் டீ.வி.யின் பக்கத்திலுள்ள மஞ்சள் துளையில் மாட்டி, 1996 கெசட்டைப் போட்டுக் காட்டினான். கோடு கோடாய், நிறம் கசிந்து, மழைக்குள் ஆடுவது மாதிரி ஒரு படம். அதில் பந்து இருக்கிற இடமே எனக்குத் தெரியவில்லை. உம்மா சுவரோரத்து நாற்காலியில் இருந்தபடி, பந்து அடிபடுவதற்கு முன்பே, “இப்ப நாலு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.